ஹெட்போன் நேரம்: டோக்கியோ முதல் போடிமெட்டு வரை... மெட்டு கடன், பேச்சு சொந்தம்!

விடிந்தும் விடியாமலும் போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள். மடியில் தூக்குவாளி, தலையில் சுற்றிய துண்டு, கண்ணில் பாதித் தூக்கம். முந்தல் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் ஜீப் திரும்பும்போது, டிரைவர் பாட்டைப் போட்டுவிடுவார். போடிமெட்டு வரை 17 வளைவுகள். பாட்டு இல்லாமல் அந்தப் பாதையைக் கடப்பது சிரமம்தான்.

அந்த ஜீப்பில் திடீரென்று ஒரு ஜப்பான் பாட்டு ஓடினால்? ஒரு வார்த்தைகூடப் புரியாது. ஆனால், இரண்டாவது வளைவுக்குள் தலை தானாக ஆட ஆரம்பித்துவிடும் என்று பந்தயம் கட்டலாம். அப்படி ஒரு குழுதான் இந்த வாரம் நம் ஹெட்போனுக்கு வருகிறது. பெயர் 'டோக்கியோ ஸ்கா பாரடைஸ் ஆர்கெஸ்ட்ரா'. ரசிகர்கள் செல்லமாக 'ஸ்காபாரா' என்பார்கள். 1980-களின் நடுவில் தொடங்கிய குழு, இன்னும் மேடையில் குதித்துக்கொண்டிருக்கிறது.

அவர்களுடைய பாட்டுகளைக் கேட்கக் கேட்க, இதே ஏல மலைச் சரிவில் ஆர்மோனியப் பெட்டியோடு ஏறி இறங்கிய இன்னொரு குழுவின் நினைவு வந்துகொண்டே இருந்தது. பண்ணைப்புரத்து அண்ணன் தம்பிகள் குழு. அவர்களையும் இன்று பார்த்துவிடுவோம். இரண்டு குழுவுக்கும் ஒரு பொதுத் தொழில் ரகசியம் உண்டு.

'ஒண்ணும்... ரெண்டும்... மூணும்... நாலும்...'

'ஸ்கா' என்றால் என்ன? இசைப் பாடம் எதுவும் வேண்டாம், இப்போதே ஒரு சின்ன விளையாட்டு விளையாடிப் பாருங்கள். 'ஒண்ணும், ரெண்டும், மூணும், நாலும்' என்று சீராகச் சொல்லுங்கள். 'ஒண்', 'ரெண்', 'மூ', 'நா' என்று எண் தொடங்கும் இடத்தில் காலால் தரையைத் தட்டுங்கள். கடைசியில் வரும் 'உம்' என்ற இடத்தில் மட்டும் கையைத் தட்டுங்கள். கால் ஒரு பக்கம், கை அதற்கு இடைவெளியில். வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிடுவார்.

அந்த 'உம்' விழும் இடம்தான் ஸ்காவின் உயிர். கிட்டாரும் பியானோவும் தாளத்தின் முதுகில் அடிக்காமல், இரண்டு தட்டுகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் 'ச்சக் ச்சக்' என்று விழும். அதற்கு மேல் டிரம்பெட்டும் டிராம்போனும் சாக்ஸபோனும் சேர்ந்து ஊதும். நம் காதுக்கு இது முழுக்கப் புதிதும் இல்லை. தாளம் விழுந்து அரை இடம் தள்ளிப் பாட்டை எடுப்பது கர்னாடக இசையில் பழகிய வழக்கம். கரகாட்டத்துக்கு நையாண்டி மேளம் வாசிக்கும்போது, தவிலும் பம்பையும் மாறி மாறி இடுக்கில் புகுந்து அடிப்பதை நம் கால்கள் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டன.

ஸ்கா பிறந்த ஊர் ஜமைக்கா. காலம் 1950-களின் கடைசி. அங்கிருந்த இளைஞர்கள் அமெரிக்க ரேடியோ நிலையங்களைத் திருகித் திருகிப் பிடித்து, 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' பாட்டுகளைக் கேட்டார்கள். தெருமுனைகளில் பெரிய பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி, அதே இசைத்தட்டுகளைப் போட்டு ஆடினார்கள். பிறகு தாங்களே வாசிக்கத் தொடங்கியபோது, அழுத்தத்தைத் தாளத்திலிருந்து தூக்கி 'உம்'மில் வைத்தார்கள். மெட்டு கடன் வாங்கியது, நடை அவர்களுடையது. 1962 ஆகஸ்ட் 6 அன்று ஜமைக்கா விடுதலை பெற்றபோது, அந்த நாட்டின் கொண்டாட்டக் குரலாக இருந்தது ஸ்காதான். 1964-ல் 'ஸ்காடலைட்ஸ்' என்ற குழு உருவானது. அதே ஆண்டு மில்லி ஸ்மால் என்ற ஜமைக்காப் பெண் பாடிய 'மை பாய் லாலிபாப்' இங்கிலாந்தையே ஆட வைத்தது. ஸ்காவின் வேகம் கொஞ்சம் குறைந்து 'ராக்ஸ்டெடி' ஆனது, 1960-களின் முடிவில் 'ரெகே' ஆனது. பாப் மார்லி தெரியுமல்லவா? அவருடைய இசைக்கு ஸ்கா பாட்டி முறை!

1979 வாக்கில் இங்கிலாந்து இளைஞர்கள் ஸ்காவை மறுபடி தூசி தட்டி எடுத்தார்கள். அவர்களில் 'மேட்னஸ்' என்ற குழு, 1981-ல் ஜப்பானில் ஒரு ஹோண்டா கார் டி.வி விளம்பரத்தில் வந்து ஆடியது. ஜமைக்காவின் இடுக்குத் தாளம், இப்படி லண்டன் வழியாகக் கார் விளம்பரத்தில் ஏறி ஜப்பானின் வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தது.

கோட் சூட்டில் ஒரு திருவிழா

தாளக் கருவிக் கலைஞர் ஆசா சாங் தொடங்கிய குழு ஸ்காபாரா. 1989-ல் முதல் இசைத்தட்டு வெளியானது. வரிசையாக ஒரே மாதிரி கோட் சூட், கையில் பளபளக்கும் பித்தளைக் கருவிகள், மேடையில் ஒரு நிமிடம்கூட நிற்காத கால்கள். பெரும்பாலான பாட்டுகளில் வார்த்தையே கிடையாது. அதனாலேயே ஜப்பானிய மொழி தெரியாத ஊர்களிலும் அவர்களுக்குக் கூட்டம் சேர்ந்தது. ஐரோப்பா, மெக்ஸிகோ என்று சுற்றினார்கள். 2013-ல் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவில் வாசித்தார்கள். 2021 ஆகஸ்ட்டில் டோக்கியோ ஒலிம்பிக் நிறைவு விழாவிலும் வாசித்தார்கள். அதை டி.வி-யில் பார்த்த பலர் 'யாருப்பா இவங்க' என்று தேடியிருப்பார்கள்.

இவ்வளவு காலம் ஒரு குழு நிற்பது லேசான காரியம் இல்லை. தொடங்கியவரான ஆசா சாங் 1993-ல் விலகினார். 1995-ல் பாடகர் க்ளீன்ஹெட் கிமுரா இறந்துபோனார். 1999-ல் டிரம்ஸ் வாசித்த தட்சுயுகி ஆவோகி இறந்தார். அதே 1999-ல், 'ஃபிஷ்மேன்ஸ்' என்ற வேறொரு ஜப்பானியக் குழு தன் பாடகர் ஷின்ஜி சாட்டோவைப் பறிகொடுத்திருந்தது. அந்தக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் கின்இச்சி மோட்டெகி, 2001-ல் ஸ்காபாராவில் சேர்ந்தார். டிரம்ஸ் கலைஞரை இழந்த குழுவுக்கு, பாடகரை இழந்த ஒரு டிரம்ஸ் கலைஞர் வந்து சேர்ந்த கதை இது. இன்றும் அவர்தான் வாசிக்கிறார். சில பாட்டுகளை அவரே பாடவும் செய்கிறார்.

பாடகர் இல்லாத குழு என்ன செய்தது தெரியுமா? வீட்டுக்கு விருந்தாளியை அழைப்பதுபோல, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வெளிப் பாடகரை அழைத்தது. 2001, 2002-ல் வந்த மூன்று பாட்டுகள் அப்படித்தான் பெரும் வெற்றி பெற்றன. முதலாவது, தகாவோ தாஜிமா பாடிய 'மெகுரெட்டா ஆரஞ்சு'. இரண்டாவது, யூசுகே சிபா தன் கரகர குரலில் பாடிய 'கனாரியா நாகு சோரா'. 'கேனரிக் குருவி பாடும் வானம்' என்று பொருள். மூன்றாவது, தமியோ ஒகுடா பாடிய 'உட்சுகுஷிகு மொயேரு மோரி'. இந்தப் பாட்டுகளுக்கு வரி எழுதிய அட்சுஷி யானகா, குழுவில் தடித்த குரல் கொண்ட பாரிடோன் சாக்ஸபோன் வாசிப்பவர்.

மூன்றாவது பாட்டின் தலைப்புக்கு 'அழகாய் எரியும் காடு' என்று பொருள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீ எரிந்ததைப் போடியிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தச் சொற்கள் சட்டென்று நெஞ்சில் தைக்கும். பாட்டு பேசுவது காதலைத்தான். ஆனாலும், ஒரே சொல் ஓர் ஊரில் கவிதையாகவும் இன்னோர் ஊரில் காயமாகவும் விழும். பாட்டு ஊர் மாறும்போது பொருளும் கொஞ்சம் மாறத்தான் செய்கிறது.

பொருள் தானாக மாறுவது இருக்கட்டும். கடன் வாங்கிய மெட்டில் வேண்டுமென்றே வேறு பொருளை ஏற்றி, அதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் நம் மலையடிவாரத்தில் இருந்தார்.

பண்ணைப்புரத்துப் பாவலர்

போடியிலிருந்து தெற்கே தேவாரம் வழியாகப் போனால், கோம்பைக்கு முன்னால் வருகிறது பண்ணைப்புரம். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. அந்த மலைக்கு அப்பால் தேயிலையும் ஏலமும். இந்த வட்டாரத்து மக்களுக்கு 'மலைக்குப் போறது' என்றால் வேலைக்குப் போவது என்று அர்த்தம்.

இந்த ஊரில் பிறந்தவர் வரதராஜன். இளையராஜா, ஆர்.டி.பாஸ்கர், கங்கை அமரன் ஆகியோரின் மூத்த அண்ணன். கம்யூனிஸ்ட் கட்சியின் மேடைகளில் பாட்டுக் கட்டிப் பாடியவர். 'பாவலர்' என்ற பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பின்னாளில் தம்பிகளும் சேர, அதுவே 'பாவலர் சகோதரர்கள்' குழு ஆயிற்று.

அவருடைய முறை எளிமையானது. ஊரே முணுமுணுக்கும் சினிமாப் பாட்டின் மெட்டை எடுத்துக்கொள்வார். அதில் கூலியைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் தேர்தலைப் பற்றியும் தன் வார்த்தைகளை வைப்பார். நாட்டுப்புற மெட்டிலும் கட்டுவார். மெட்டு ஏற்கெனவே மனப்பாடம் என்பதால், கேட்பவர் வார்த்தையை மட்டும் பிடித்தால் போதும். ஒரு முறை கேட்டவர், வீடு போய்ச் சேர்வதற்குள் பாதிப் பாட்டை அவரே பாடிவிடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் போய்ச் சேரும் துண்டுப் பிரசுரம் அது!

தேவிகுளம், 1958

இந்தப் பாட்டுக்கு வந்த பெரிய சோதனை தேவிகுளம் இடைத்தேர்தல். பின்னணியைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது, தேவிகுளமும் பீருமேடும் கேரளத்துடன் சேர்ந்தன. அங்கே தேயிலை, ஏலத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் கேரளத்தில் கம்யூனிஸ்ட் கட்சி வென்று, 1957 ஏப்ரலில் ஈ.எம்.எஸ்.நம்பூதிரிபாட் முதலமைச்சர் ஆனார். சட்டசபையில் மொத்தம் 126 இடங்கள். கட்சிக்குக் கிடைத்தது 60. சுயேச்சைகள் ஐந்து பேர் ஆதரவோடுதான் ஆட்சி. அதாவது, ஒவ்வோர் இடமும் பொன்னுக்குச் சமம்.

இந்த நிலையில் தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாது என்று தேர்தல் வழக்கில் தீர்ப்பு வந்தது. எதிர்த்து நிற்க முயன்றவரின் வேட்புமனுவைத் தள்ளுபடி செய்தது தவறு என்பது காரணம். 1958-ல் இடைத்தேர்தல் வந்தது. இரண்டு தரப்பும் முழு பலத்தோடு மலையேறின.

ஆனால், மலையில் ஒரு சிக்கல். கேரளத்திலிருந்து வரும் தலைவர்கள் மலையாளத்தில் பேசுவார்கள். கேட்க வேண்டிய தொழிலாளர்கள் தமிழர்கள். காலையிலிருந்து சரிவில் நின்று கொழுந்து பறித்துவிட்டு, குளிரில் லயத்துக்குத் திரும்பியவர்களை உட்கார வைத்து ஒரு மணி நேரம் சொற்பொழிவு ஆற்றினால் யார் கேட்பார்கள்? அங்கேதான் பாவலரின் பாட்டு தேவைப்பட்டது. அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடினார். தமிழில் பாடினார், அவர்களுக்குத் தெரிந்த மெட்டில் பாடினார்.

ரோசம்மா புன்னூஸ் மறுபடியும் வென்றார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது மலையின் இருபுறமும் இன்றும் சொல்லப்படும் செய்தி. கட்சி அரசியலை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தாலும் இது அபூர்வமான நிகழ்ச்சிதான். ஓர் ஆர்மோனியமும் ஒரு குரலும், தங்களை யாரும் பொருட்படுத்தவில்லை என்று நினைத்திருந்த மக்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசின. ஓட்டுக் கேட்டு வந்த பாட்டுதான். ஆனாலும், அதற்குள் அவர்கள் கூலியும் குளிரும் இருந்தன.

ரேடியோவிலிருந்து மேடைக்கு

'சினிமா மெட்டு மலைக்கும் கிராமத்துக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது? அப்போதுதான் யூடியூப் இல்லையே' என்று இளம் வாசகர்கள் கேட்கலாம். டூரிங் டாக்கீஸ் ஒரு வழி. இன்னொரு வழி, இலங்கை வானொலி. 1952-ல் மத்திய அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் அதற்கு இடம் சுருங்கிப்போனது. உடனே ஊரெல்லாம் கொழும்பு பக்கம் ரேடியோவைத் திருப்பியது. 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கித்தான் இங்கே நிலைமை மாறியது.

ஜமைக்கா இளைஞன் அமெரிக்க நிலையத்தைத் திருகிய அதே 1950-களில், நம்மூர் இளைஞன் கொழும்பைத் திருகிக்கொண்டிருந்தான். இருவருமே அக்கரையிலிருந்து காற்றில் வந்ததைப் பிடித்துத் தங்கள் ஊர்ப் பேச்சுக்கு வளைத்தார்கள். ஜமைக்காக்காரன் தாளத்தை நகர்த்தினான். பாவலர் வார்த்தையை மாற்றினார். பின்னால் வந்த டோக்கியோக்காரர்கள், கடல் தாண்டி வந்த இடுக்குத் தாளத்துக்குக் கோட் சூட் போட்டு, 'டோக்கியோ ஸ்கா' என்று தங்கள் ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள். முன்னே சொன்ன தொழில் ரகசியம் இதுதான். மெட்டு யாருடையதாகவும் இருக்கலாம். அதைக் கேட்கிறவனுக்காக எதை மாற்றினாய் என்பதில்தான் அது உன்னுடையது ஆகிறது.

'இது காப்பிதானே' என்று இப்போது கமென்ட் போட ஆயிரம் பேர் வருவார்கள். மேடையில் எதிரே உட்கார்ந்திருந்த கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அந்தக் கேள்வி எழுந்திருக்காது. அவளுக்குத் தெரிந்த பாட்டில் அவள் கதை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

குழு நின்றதா, இடம் மாறியதா?

தம்பி ராசய்யா 1943-ல் பிறந்தவர். பதின்பருவத்திலேயே அண்ணன் குழுவில் சேர்ந்தார். ஆரம்பத்தில் மேடையில் பெண் குரலில் பாடுவது அவர் வேலை. குரல் உடைந்ததும் பாட்டு போயிற்று, ஆர்மோனியம் கைக்கு வந்தது. அண்ணன் தொடக்கூடாது என்று சொல்லியிருந்த ஆர்மோனியத்தை, அவர் இல்லாத நேரத்தில் திருட்டுத்தனமாகத் தொட்டுத் தொட்டுக் கற்றுக்கொண்டதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். கிட்டத்தட்ட பத்தாண்டுகள் ஊர் ஊராக வாசிப்பு. எந்த மெட்டுக்கு எந்த இடத்தில் கூட்டம் நிமிரும், எங்கே கொட்டாவி விடும் என்பதை நேரில் பார்த்துப் படித்த படிப்பு அது.

1968-ல் சகோதரர்கள் சென்னைக்குக் கிளம்பினார்கள். வழிச்செலவுக்கு அம்மா சின்னத்தாயம்மாள் வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்தார். அதிலிருந்து ஒரு ரூபாய்கூடத் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை என்று இளையராஜா சொல்வார். ரேடியோவில் பாட்டுக் கேட்ட வீடு, அந்த ரேடியோவையே விற்றுப் பாட்டுக்குக் கொடுத்தது!

அண்ணன் வரதராஜன் 1973-ல் காலமானார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது, எந்தத் தெருவிலும் ஒலித்த அந்தப் பாட்டுகளைக் கேட்க அவர் இல்லை. பஞ்சு அருணாசலம் கொடுத்த வாய்ப்பு அது. ராஜா 'இளையராஜா' ஆனதும் அவரால்தான். பின்னாளில் சகோதரர்கள் படத் தயாரிப்பில் இறங்கியபோது நிறுவனத்துக்கு வைத்த பெயர் 'பாவலர் கிரியேஷன்ஸ்'. 1981-ல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' படத்தின் டைட்டிலில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு தன் சிம்பொனியை இளையராஜா அரங்கேற்றியபோது, அந்தப் பயணத்தின் முதல் மேடைகள் அண்ணனோடு ஏறியவைதான் என்பதை மறக்க முடியாது.

ஆக, ஸ்காபாராவைப் போலவே இந்தக் குழுவும் ஆள் இழந்தது, ஆள் மாறியது, ஆனால் வாசிப்பு நிற்கவில்லை. மலைச்சரிவிலிருந்து ஸ்டூடியோவுக்கு இடம் மாறியது.

ஒரே ஒரு வித்தியாசம்

ஸ்காபாராவின் பாட்டு வேண்டுமென்றால் மொபைலில் பெயரை அடித்தால் போதும். 1989-லிருந்து வரிசையாகக் கிடைக்கும். எந்த ஆண்டு, யார் டிரம்ஸ், யார் விருந்தாளிப் பாடகர், எல்லாம் தெரியும்.

தேவிகுளம் மேடையில் அன்று ஒலித்த குரலை அப்படித் தேடிக் கேட்க முடியுமா? அந்தக் கச்சேரிகள் இசைத்தட்டுக்காக நடந்தவை இல்லை. அன்றைய தேவைக்கு அன்றே கட்டி, அன்றிரவே பாடி, மறுநாள் அடுத்த தோட்டத்துக்குப் போன பாட்டுகள் அவை. வரியைத் தாளில் எழுதி வைக்கலாம். ஆனால் எந்தச் சொல்லை நீட்டினார், எந்த இடத்தில் கூட்டம் சேர்ந்து பாடியது, ஆர்மோனியம் எங்கே இடுக்கில் புகுந்தது? அதெல்லாம் கேட்டவர்களின் காதில்தான் இருக்கும்.

அந்தக் கேட்டவர்கள் யார்? 1958-ல் தோட்டத்தில் 15 வயதாக இருந்த ஒரு பெண்ணுக்கு, இன்று 80-க்கு மேல் ஆகியிருக்கும். போடியிலோ தேவாரத்திலோ கம்பத்திலோ, பூப்பாறையிலோ மூணாறிலோ, ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் அவர் உட்கார்ந்திருக்கலாம். பேரப்பிள்ளைகள் ஹெட்போன் மாட்டியிருப்பதால் அவரிடம் யாரும் பாட்டுக் கேட்பதில்லை.

பாவலர் பாட்டு மட்டும் இல்லை. நாற்று நடும்போது பாடியது, காய் எடுக்கும்போது பாடியது, தொட்டிலில் பாடியது, துக்க வீட்டில் பாடியது, கங்காணியைக் கேலி செய்து பாடியது என்று இந்தச் சரிவில் எத்தனையோ பாட்டுகள் இருந்தன. மலைக்குப் போகும் ஜீப்பில் இப்போது பென் டிரைவ் பாடுகிறது. அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால், ஜீப்பில் இருப்பவர்கள் பாடிய காலம் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

நல்ல விஷயம் என்னவென்றால், இதற்கு ஸ்டூடியோ வேண்டாம். நீங்கள் இதைப் படிக்கும் போனிலேயே வாய்ஸ் ரெக்கார்டர் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள்:

* ஃபேனையும் டி.வி-யையும் அணைத்துவிட்டு, போனைப் பாட்டியின் அருகே வையுங்கள். கையில் பிடிக்க வேண்டாம், உரசும் சத்தம் விழும்.
* 'ஒரு பாட்டுப் பாடுங்க' என்று நேராகக் கேட்டால் வெட்கப்படுவார்கள். 'தோட்டத்துல வேலை பாத்தப்ப என்ன பாடுவீங்க அம்மாச்சி' என்று பேச்சிலிருந்து தொடங்குங்கள்.
* வரி மறந்தால் நிறுத்தச் சொல்லாதீர்கள். முனகலும் பதிவாகட்டும், மெட்டு அதில் இருக்கும்.
* முடிந்ததும் அவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார், எப்போது பாடினார் என்பதை அவர் குரலிலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.
* ரீல்ஸ் போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒப்பாரிப் பாட்டை எல்லோரும் ஊருக்குப் போட்டுக் காட்ட விரும்புவதில்லை.
* கோப்பை வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தாலும் பாட்டு தொலையாது.

இந்த வார ஹெட்போன் வரிசை

1. ஸ்காபாராவின் 'டவுன் பீட் ஸ்டாம்ப்', 2002-ல் வந்தது. 'உம்'மில் கை தட்டிப் பழக இதுவே முதல் பாடம். காலையில் கேளுங்கள், காபி தேவைப்படாது.

2. 'உட்சுகுஷிகு மொயேரு மோரி', 2002. வேகம் இருந்தும் உள்ளே ஒரு ஏக்கம் ஓடும் பாட்டு. ஜன்னலோர சீட்டுக்கு ஏற்றது.

3. 'பாரடைஸ் ஹேஸ் நோ பார்டர்', 2017. 'சொர்க்கத்துக்கு எல்லைக்கோடு இல்லை' என்று பொருள். வார்த்தையில்லாத பாட்டு, ஜப்பானில் பள்ளிக்கூட பேண்டு மாணவர்கள் விரும்பி வாசிப்பது. போடிமெட்டில் இரண்டு மாநிலச் சோதனைச் சாவடிகளுக்கு நடுவே ஜீப் நிற்கும்போது கேட்டால் தலைப்பு இன்னும் பொருந்தும்!

4. ஸ்காடலைட்ஸ் குழுவின் எந்தப் பாட்டாவது ஒன்று. தாய்வீடு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டாமா?

5. 'அன்னக்கிளி' படப் பாட்டுகள். நூறு முறை கேட்டிருப்பீர்கள். இந்த முறை பாடகியை விட்டுவிட்டு, பின்னால் தாளமும் குழலும் போகும் இடத்தை மட்டும் கவனியுங்கள். மேடை மேடையாக ஏறி இறங்கிய ஒருவரின் கை அதில் தெரியும்.

6. ஆறாவது இடம் காலியாக இருக்கிறது. உங்கள் வீட்டுத் திண்ணையில் பதிவு செய்யப்போகும் பாட்டுக்காக.

அடுத்த வாரம் வேறொரு குழுவோடு சந்திப்போம். அதுவரை, 'ஒண்ணும்... ரெண்டும்...'